அறளை என்னும் சொல்லின் பின்னே

முதுமையிலே நினைவு தடுமாறிப் பேச்சு நிலைகெட்ட ஒருவரை 'அறளை பெயர்ந்துவிட்டார்' என்று சொல்வது ஈழத் தமிழ் வழக்கு. அச்சொல்லில் இரக்கமும் உண்டு; ஒருவகை ஆறுதலும் உண்டு. மயிர் நரைப்பது போலவும் பல் விழுவது போலவும் அறிவு தேய்வதும் காலத்தின் செயல் என்று அது சொல்லாமற் சொல்லுகின்றது. ஆயின், காலத்தின் செயல் என்று கொண்டுவிட்ட இடத்தில் காரணம் வினவுவார் இல்லை. காரணம் வினவாத இடத்தில் மருந்து தேடுவாரும் இல்லை. இந்நிலை தமிழர்க்கு மட்டும் உரியதன்று. ஐரோப்பிய நாடுகளிலும் மக்கள் இவ்வாறே எண்ணினர். மருத்துவரும் நெடுங்காலம் அவ்வாறே எண்ணினர். பின்னர், ஒரே பெயரின் கீழ்க் கிடந்த பல நோய்களை அவர்கள் ஒன்றொன்றாகப் பிரித்தறிந்தனர். பிரித்தறிந்த ஒவ்வொரு முறையும் ஒரு கூட்டம் நோயாளருக்கு விடிவு பிறந்தது. அவ்வரலாறு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளைத் தழுவியது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே பாரிசு நகரத்துப் பெரிய மனநோய்ச் சாலைகளில் பீனெல், அவர் மாணவர் எஸ்கிரோல் என்னும் இருவர் நோயாளரை வகைப்படுத்தத் தொடங்கினர். பிறவியிலேயே அறிவு வளராதவர் வேறு, வளர்ந்த அறிவைப் பின்னர் இழந்தவர் வேறு என்று எஸ்கிரோல் தெளிவாக வரையறுத்தார். இப்பிற்கூறிய இழப்பே இன்று டிமென்சியா எனவும், தமிழில் மறதி நோய், அறிவுத் தேய்வு எனவும் வழங்குவது. நினைவு, மொழி, கணிப்பு, திசையறிவு, தீர்மானம் ஆகியவை நாளன்றாட வாழ்வு குலையுமளவு தேய்தலே அதன் இலக்கணம். பெயரொன்று வாயில் வராது சிறிது நேரம் தடுமாறுதல் அதனுள் அடங்காது. எனினும், பீனெலும் எஸ்கிரோலும் கண்டது நோயின் தோற்றத்தையே. தோற்றத்தின் கீழே உடலில் யாது நிகழ்கின்றது என்னும் வினாவுக்கு அக்காலத்தில் விடை இல்லை.

அவ்வினாவை முதலிற் பற்றியவர் அந்துவான் லோரன் பேல் என்னும் இளைஞர். 1822ஆம் ஆண்டிலே பாரிசில் அவர் அளித்த பட்ட ஆய்வு, ஒரு குறித்த வகை நோயாளரைப் பற்றியது. அவர்கள் பெரும்பாலும் நடுவயது ஆடவர். தம்மைப் பேரரசர் என்றும் பெருஞ்செல்வர் என்றும் பிதற்றுவர், நாக் குழறும், கை நடுங்கும், நடை தள்ளாடும், அறிவு முற்றாகத் தேய்ந்து சில ஆண்டுகளில் இறப்பர். இறந்தோர் மூளையைத் திறந்து நோக்கிய பேல், அதன் உறைகளில் நெடுநாள் அழற்சியின் அடையாளங்களைக் கண்டார். மனம் கலங்குதலுக்கு மூளையின் நோயொன்று காரணமாகலாம் என்பதற்கு அது வலிய சான்றாயிற்று. 'பொது வாதம்' என்று பெயர் பெற்ற இந்நோய், அந்நூற்றாண்டு முழுவதும் ஐரோப்பிய மனநோய்ச் சாலைகளின் பல கட்டில்களை நிரப்பிக்கொண்டிருந்தது.

அதன் மூலம் யாது என்பதில் நெடுங்கால வழக்கு நிகழ்ந்தது. குடி, கவலை, மிகையுழைப்பு, நகர வாழ்வின் பரபரப்பு என்று பலர் பலவாறு கூறினர். 1857ஆம் ஆண்டிலே எஸ்மார்க், யெசென் என்னும் இருவர், சிபிலிசு எனப்படும் கிரந்தி நோயே காரணம் எனக் கூறினர், பலர் ஏற்றிலர். கிரந்திப் புண் ஆறிப் பத்து, இருபது ஆண்டுகள் கழிந்த பின்னரே மூளை நோய் தோன்றுவதால், இரண்டையும் தொடுத்து நோக்குதல் எளிதாயிருக்கவில்லை. 1869இல் ஸ்கொத்லாந்துக் கண் மருத்துவர் ஆர்கைல் றொபேட்சன் ஒரு குறியை விளக்கினார். அருகிலுள்ள பொருளை நோக்குங்கால் சுருங்கும் கண்மணி, ஒளி படுங்கால் சுருங்காது நிற்கும் என்பதே அது. பின்னாளில் அது கிரந்தி நரம்பு மண்டலத்தைத் தீண்டியதன் அடையாளம் எனத் தெளிந்தது. 1905இல் ஷோடின், ஹொப்மன் ஆகியோர் கிரந்தியின் கிருமியைக் கண்டனர். 1906இல் வாசர்மன் அதற்குரிய குருதிச் சோதனையை வகுத்தார். ஈற்றில் 1913ஆம் ஆண்டு, நியூயோர்க்கில் ஆராய்ச்சி செய்த யப்பானியராகிய நொகுச்சி, மூர் என்பவருடன் சேர்ந்து, பொது வாதத்தால் இறந்தோர் மூளைகளிலேயே அத்திருகு வடிவக் கிருமியைக் காட்டினார். வழக்கு முடிந்தது. பித்தம் என்று கருதப்பட்டது தொற்றுநோய் எனத் தெளிந்தது.

காரணம் தெளிந்தமை மருத்துவத்துக்கு வழி திறந்தது. வியன்னாவிலே யூலியஸ் வாக்னர்-யவுரெக், கடுங்காய்ச்சல் கண்ட மனநோயாளர் சிலர் காய்ச்சல் தணிந்தபின் தெளிவு பெறுவதை நெடுநாளாகக் கவனித்து வந்தார். 1917ஆம் ஆண்டு யூன் மாதத்திலே, மலேரியா கண்ட ஒருவரின் குருதியைப் பொது வாத நோயாளருக்கு அவர் ஏற்றினார். காய்ச்சல் பலமுறை ஏறி இறங்கிய பின், கொயினா கொடுத்து மலேரியாவைத் தணித்தார். முதல் ஒன்பது நோயாளருட் சிலர் வியக்கத்தக்க வகையில் தேறினர். இம்முறை உலகெங்கும் பரவியது. 1927இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. ஆயினும், ஒரு நோயைத் தணிக்க மற்றொரு நோயை ஊட்டிய அம்முறையால் உயிரிழந்தோரும் உளர். நோயாளரின் உடன்பாட்டைக் கேட்டறியும் வழக்கமும் அக்காலத்தில் வேரூன்றியிருக்கவில்லை. 1943இல் மாகொனியும் அவர் துணைவரும் பெனிசிலின் கிரந்தியைக் குணமாக்கும் எனக் காட்டிய பின்னர், காய்ச்சல் வைத்தியம் படிப்படியாக மறைந்தது. மனநோய்ச் சாலைகளை நிரப்பிய பொது வாதம் இன்று அரிதாகிவிட்டது. எனினும் அது தந்த பாடம் ஒன்று நிலைத்தது. பெனிசிலின் கிருமியைக் கொல்லும்; அழிந்துபோன நரம்புக் கலத்தை மீட்டுத் தராது. ஆகவே, குணமாகத்தக்க நோயிலும் காலந் தாழ்த்தல் கேடாகும்.

இரண்டாவது கதை கழுத்திலுள்ள சிறு சுரப்பி ஒன்றைப் பற்றியது. 1873ஆம் ஆண்டு இலண்டன் மருத்துவர் வில்லியம் கல், நடுவயதுப் பெண்கள் சிலர் முகம் தடித்து, தோல் வறண்டு, குரல் கரகரத்து, எண்ணமும் சொல்லும் மந்தமாவதை விளக்கினார். 1883இல் சுவிற்சலாந்தின் அறுவை மருத்துவர் தியோடர் கொக்கர் ஒரு துயர உண்மையை வெளியிட்டார். கண்டக்கழலைக்காகக் கேடயச் சுரப்பியை முழுவதும் அகற்றப்பெற்ற அவருடைய நோயாளருட் பலர், பின்னர் அதேபோன்று மந்தமுற்றுச் சோர்ந்திருந்தனர். தம் கையால் நேர்ந்ததை மறையாது அவர் எழுதியமை அச்சுரப்பியின் தொழிலை உலகுக்கு உணர்த்தியது. 1891இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரிலே ஜோர்ஜ் மறே என்னும் இளம் மருத்துவர், ஆட்டின் கேடயச் சுரப்பிச் சாற்றை 46 வயதுப் பெண்ணொருவருக்கு ஊசி மூலம் ஏற்றினார். சில மாதங்களில் அவர் முகம் தெளிந்தது, பேச்சு விரைந்தது, நினைவு மீண்டது. சாற்றினைத் தொடர்ந்து பெற்ற அப்பெண் மேலும் 28 ஆண்டுகள் வாழ்ந்து, 1919இல் 74ஆம் வயதில் இறந்தார்.

அறிவு தேய்ந்தவர் மீள்வதில்லை என்ற கொள்கையை மறேயின் நோயாளர் ஒருவரே அசைத்துவிட்டார். எனினும், அறிந்த உண்மையும் மறக்கப்படுவதுண்டு. 1949ஆம் ஆண்டிலே றிச்சட் ஆஷர் என்னும் இலண்டன் மருத்துவர், இச்சுரப்பிக் குறைவினால் மனங் கலங்கிய 14 நோயாளரைப் பற்றி எழுதி, உடலை நோக்காது மனநோய் என்று ஒதுக்கிவிடும் ஆபத்தை மீண்டும் நினைவூட்ட வேண்டியிருந்தது. நோய் வருமுன் காத்தலும் இத்துறையில் இயன்றது. அயடீன் குறைந்த மலைநாடாகிய சுவிற்சலாந்து 1922ஆம் ஆண்டிலே உப்பில் அயடீன் கலக்கத் தொடங்கியது. கருவிலும் குழவிப் பருவத்திலும் ஏற்படும் மூளைக் குறைபாட்டினை ஒரு சிட்டிகை உப்புத் தடுக்கும் என்பது இருபதாம் நூற்றாண்டு மருத்துவத்தின் பெரும் பேறுகளுள் ஒன்று.

மூன்றாவது கதை உணவைப் பற்றியது. சோளத்தையே முதன்மை உணவாகக் கொண்ட ஏழை மக்களிடையே பெலாக்ரா என்னும் நோய் நிலவியது. வெயில் படும் தோல் வெந்தாற் போலாகும்; வயிற்றோட்டம் காணும்; பின்னர் அறிவு குழம்பும்; சாவும் நேரும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐக்கிய அமெரிக்காவின் தென் மாநிலங்களில் அது பெருகியபோது, தொற்றுநோய் என்றே பலர் நம்பினர். 1914இல் ஆராய அனுப்பப்பட்ட ஜோசப் கோல்ட்பேகர், அநாதைச் சாலைகளிலும் மனநோய்ச் சாலைகளிலும் உள்ளோர் நோயுற, அங்குப் பணிபுரிவோர் நோயுறாமையைக் கண்டார். கிருமிக்குப் பணியாளர் என்றும் உள்ளுறைவோர் என்றும் வேற்றுமை ஏது? பால், இறைச்சி, அவரையினங்கள் சேர்த்து உணவைத் திருத்தியதும் நோய் நீங்கியது. ஐயுற்றோரைத் தெளிவிக்கவேண்டி, 1916இல் அவரும் அவர் மனைவியும் வேறு சிலரும் நோயாளர் உடற்கழிவுகளைத் தம் உடலுட் செலுத்திக்கொண்டனர். ஒருவருக்கும் பெலாக்ரா தோன்றவில்லை. அவர் இறந்து எட்டு ஆண்டுகள் கழிந்து, 1937இல் எல்வெகெம், குறைவாயிருந்த பொருள் நிக்கொற்றினிக் கமிலம் எனக் காட்டினார். மனநோய்ச் சாலையில் அடைபட்டிருந்த பெலாக்ரா நோயாளர் மலிவான ஒரு விற்றமினால் தெளிவு பெற்றனர்.

அதே காலத்திலே வேறு இரு விற்றமின்களின் கதையும் விளங்கிற்று. 1881இல் ஜேர்மனியரான கார்ல் வேர்னிக்கே, கண் அசைவு தடைப்பட்டு, நடை தள்ளாடி, அறிவு குழம்பிய மூவரை விளக்கினார். 1887 முதல் உருசிய மருத்துவர் கொர்சகோவ், அண்மைய நிகழ்ச்சிகள் சிறிதும் நினைவில் நில்லாத நோயாளரைப் பற்றி எழுதினார். இரண்டும் விற்றமின் பி1 குறைவின் இரு முகங்கள் என்பது பின்னர்த் தெளிந்தது. பெருங்குடியர் இடையேயே அவை மிகுதி. தீட்டிய அரிசியை உண்போரைத் தாக்கிய பெரிபெரி நோயின் மூலமும் அதே குறைவுதான். விற்றமின் பி12இன் வரலாறு இரத்தச் சோகையிலே தொடங்கியது. அந்நோயாளரை ஈரல் உணவு உயிர்ப்பிக்கும் என மைனொட்டும் மேர்பியும் 1926இல் காட்டினர். 1948இல் அவ்விற்றமின் பிரித்தெடுக்கப்பட்டது. இதன் குறைவு நரம்பையும் நினைவையும் தாக்க வல்லது. குருதியிற் குறையொன்றும் தோன்றாத நிலையிலும் தாக்கலாம். பால், முட்டை, மீன், இறைச்சி ஆகியவற்றை அறவே நீக்கியோரும், நீரிழிவுக்காக மெற்போமின் மருந்தை நெடுங்காலம் உட்கொள்வோரும் இதனை நினைவிற் கொள்ளல் நன்று.

நான்காவதாக, மூளையில் நீர் தேங்கும் நோயொன்று. கொலம்பியா நாட்டின் பொகொத்தா நகரிலே சல்வதோர் ஹக்கீம் என்னும் அறுவை மருத்துவர், மூளையின் உட்குழிகள் விரிந்திருந்தும் நீரின் அழுத்தம் மிகாத நோயாளர் சிலரைக் கண்டார். நடை தடுமாறுதல், நினைவு குன்றுதல், சிறுநீர் அடங்காமை என்னும் மூன்றும் அவர்களிடம் ஒருங்கே காணப்பட்டன. மிகுந்த நீரைக் குழாய் வழியே வடித்தபோது சிலர் தெளிந்தனர். 1965ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவருடன் சேர்ந்து அவர் வெளியிட்ட கட்டுரைகள் இந்நோயை உலகறியச் செய்தன. இவ்வாறே, தலையில் அடிபட்டு மண்டையோட்டின் உள்ளே மெல்லத் தேங்கும் இரத்தமும் முதியோரை மறதியாளர் போலக் காட்டும். விழுந்ததை அவரே மறந்திருப்பார். 1971இல் ஹவுன்ஸ்பீல்ட் உருவாக்கிய கணனிவழி எக்ஸ்-கதிர்ப் படம் முதன்முதலாக நோயாளர் ஒருவரின் மூளையைக் காட்டிய பின்னர், இத்தகைய காரணங்களைக் காணுதல் எளிதாயிற்று.

இவ்வளவும் பிரித்தெடுத்த பின்னரும் பெரும்பகுதி எஞ்சி நின்றது. அதன் திறவுகோல் 1901ஆம் ஆண்டு நவம்பர் 25ஆம் நாள் ஜேர்மனியின் பிராங்போட் மனநோய் வைத்தியசாலைக்கு வந்து சேர்ந்தது. அன்று அனுமதிக்கப்பட்ட ஒகுஸ்தே டேற்றர் 51 வயதுடையவர். புகையிரத இலிகிதர் ஒருவரின் மனைவி. கணவர்மேல் காரணமற்ற ஐயம், பொருள்களை ஒளித்து வைத்தல், வீட்டினுள்ளேயே வழி தடுமாறுதல் என்பனவாக அவர் நோய் தொடங்கியிருந்தது. மறுநாள் மருத்துவர் அலோய்ஸ் அல்சைமர் அவர் அருகமர்ந்து வினவினார். பெயர் கேட்டபோது ஒகுஸ்தே என்றார். குடும்பப் பெயர் கேட்டபோதும் ஒகுஸ்தே என்றார். கணவர் பெயர் கேட்டபோதும் ஒகுஸ்தே என்பதே விடையாயிற்று. எழுதுகோல், பணப்பை, திறப்பு முதலியவற்றைக் காட்டியபோது சரியாகப் பெயர் கூறினார். சிறிது நேரத்தில், காட்டப்பட்டவை எவை என்பது நினைவில் இல்லை. தம் பெயரை எழுதத் தொடங்கியவர், முதற்சொல்லை எழுதியதும் எஞ்சியதை மறந்தார். தாம் தம்மையே இழந்துவிட்டதாக அவர் சொன்னதையும் அல்சைமர் குறித்து வைத்தார். நோயாளர் தம் இழப்பை முற்றாக உணராதவர் அல்லர் என்பதற்கு அக்குறிப்புச் சான்று.

1903இல் அல்சைமர், புகழ்பெற்ற மனநோய்ப் பேராசிரியராகிய கிறெப்பலினோடு பணியாற்ற மியூனிக் சென்றார். எனினும் அந்நோயாளரை மறந்திலர். 1906 ஏப்பிரல் 8ஆம் நாள் படுக்கைப் புண்ணினால் குருதி நஞ்சேறி ஒகுஸ்தே இறந்ததும், அவர் மூளையை மியூனிக்குக்குத் தருவித்தார். பீல்சொவ்ஸ்கி என்பவர் அக்காலத்திற் புதிதாக வகுத்திருந்த வெள்ளிச் சாய முறை அல்சைமருக்குக் கைகொடுத்தது. மூளையின் மேற்பட்டை மெலிந்திருந்தது. நுணுக்குக்காட்டியின் கீழே, நரம்புக் கலங்களுட் காற்பங்கு முதல் மூன்றிலொரு பங்கு வரை சிக்குண்ட இழைமுடிச்சுகளாய் மாறியிருந்தன. கலங்களுக்கு வெளியே, மேற்பட்டை எங்கணும், புதியதொரு பொருள் திட்டுத் திட்டாகப் படிந்திருந்தது. 1906 நவம்பர் 3ஆம் நாள் தூபிங்கன் நகரில் நடைபெற்ற மருத்துவர் கூட்டத்திலே அல்சைமர் இவற்றை விளக்கினார். கூட்டத்தினர் வினா ஒன்றும் எழுப்பினாரல்லர். 1907இல் கட்டுரை சுருங்கிய வடிவில் வெளிவந்தது. அவ்வாண்டிலேயே பிராகா நகரில் ஒஸ்கார் பிஷர் என்பவரும் முதியோர் பலரின் மூளையில் அதே திட்டுகளைக் கண்டு எழுதினார். 1910இல் கிறெப்பலின் தம் பாடநூலின் எட்டாம் பதிப்பிலே 'அல்சைமர் நோய்' என்று பெயர் சூட்டினார். அல்சைமர் 1915இல், 51ஆம் வயதில் காலமானார். பிஷரின் பெயரோ நெடுங்காலம் மங்கிக் கிடந்தது. யூதராகிய அவர் 1942இல் நாசியரின் தெரேசியன்ஸ்டாட் சிறையில் இறந்தார். ஒகுஸ்தேயின் நோய்க் குறிப்பேடு 1995ஆம் ஆண்டிலேதான் பிராங்போட்டில் மீளக் கண்டெடுக்கப்பட்டது.

பெயர் சூட்டியதில் ஒரு கோணலும் நேர்ந்தது. ஒகுஸ்தே 51 வயதினர் ஆதலின், அல்சைமர் நோய் நடுவயதில் வரும் அரிய நோய் எனக் கொள்ளப்பட்டது. எண்பது வயதில் அதே தேய்வு நேரின், அது முதுமையின் இயல்பு, அன்றேல் நாடி இறுகியதன் விளைவு என்று விடப்பட்டது. ஒரே நோய்க்கு வயதை எல்லையாக வைத்து இரண்டு பெயர் வழங்கியமையால் அரை நூற்றாண்டுக் காலம் ஆராய்ச்சி தேங்கிற்று. 1960களிலே நியூகாசில் நகரத்தில் பிளெசட், தொம்லின்சன், றொத் என்னும் மூவர் இத்தேக்கத்தை உடைத்தனர். முதியோரின் நினைவையும் செயலாற்றலையும் வாழுங்காலத்தில் அளந்து, இறந்தபின் மூளைத் திட்டுகளை எண்ணினர். திட்டு மிகுந்தோரிடம் தேய்வும் மிகுந்திருந்தது. 1968இல் இம்முடிவு வெளிவந்தது. 1976இல் அமெரிக்க மருத்துவர் றொபேட் கற்ஸ்மன், வயதெல்லையை நீக்கி இரண்டினையும் ஒரே நோயாகக் கொள்ளவேண்டும் எனவும், அவ்வாறு கொள்ளின் அது பெருங்கொல்லி நோய்களுள் ஒன்றாகும் எனவும் எழுதினார். அன்றுதொட்டே அரசுகளும் பல்கலைக்கழகங்களும் இதன்பால் நோக்கைத் திருப்பின. நாடி நோய்க்குரிய பங்கும் தெளிவுற்றது. 1974இல் ஹச்சின்ஸ்கி முதலியோர், சிறிய பாரிசவாதங்கள் பல சேர்ந்து மூளையைப் படிப்படியாகத் தேய்ப்பதை விளக்கினர். லூயியின் உருண்டைகள் எனப்படும் படிவுகளால் நேர்வதும், நெற்றிப்பகுதி மூளை தேய்ந்து குணமே மாறுவதும் வேறு வகைகளாகப் பிரிக்கப்பட்டன. முதியோர் ஒருவரிடத்தே இவற்றுள் இரண்டு மூன்று ஒருங்கே இருத்தலும் உண்டு.

காரணங்கள் பலவாகவே, சோதனையும் முறைப்பட வேண்டியதாயிற்று. அதன் முதற்படி உறவினரின் வாய்மொழி. தேய்வு எப்போது தொடங்கியது, மெல்ல வளர்ந்ததா, படிப்படியாய் இறங்கியதா, ஓரிரு நாளில் திடீரெனத் தோன்றியதா என்பவை முதல் வினாக்கள். திடீரெனத் தோன்றி, பகலில் தெளிந்தும் இரவில் குழம்பியும் நிற்பது பெரும்பாலும் சன்னி. சிறுநீர்த் தொற்று, நுரையீரல் அழற்சி, உடலில் உப்புக் குறைதல், பொருந்தா மருந்து முதலியன அதன் காரணங்கள். அஃது உடனடி வைத்தியம் வேண்டும் நிலையாகும். அடுத்து நோக்கவேண்டுவது மனச்சோர்வு. 1961இல் கிலோ என்னும் மருத்துவர், கடுஞ்சோர்வுற்றோர் அறிவு தேய்ந்தோர் போலத் தோன்றுவதையும், சோர்வு நீங்கியதும் தெளிவதையும் எடுத்துக்காட்டினார். செவி கேளாமையும் பார்வைக் குறைவும் கூட மறதி போலக் காட்டும். உறக்க மருந்து, ஒவ்வாமை மருந்து, சிறுநீர்ப்பைக்கான மருந்து ஆகியவற்றுட் சில நினைவைக் குலைக்க வல்லவை.

பின்னர் அளவை. 1975இல் போல்ஸ்ரீன் இணையரும் மக்ஹியூவும் வகுத்த சிறு சோதனை உலகெங்கும் பரவியது. நாள், இடம் கூறுதல், மூன்று சொற்களை நினைவில் வைத்தல், நூறிலிருந்து ஏழேழாகக் கழித்தல், படமொன்றைப் பார்த்து வரைதல் முதலியவற்றுக்கு மொத்தம் 30 புள்ளிகள். 2005இல் மொன்ட்ரியலில் நஸ்ரெடினும் துணைவரும் வகுத்த மற்றொரு சோதனை, தொடக்கநிலைத் தேய்வினை நுட்பமாகக் காட்டுவது. ஆயினும் புள்ளி கொண்டே தீர்ப்புச் சொல்லுதல் தவறு. பள்ளி செல்லாத மூதாட்டி கழித்தற் கணக்கில் தோற்பார். அவர் வீட்டையும் தோட்டத்தையும் வழுவின்றி நடத்திக்கொண்டிருப்பார். படித்த ஒருவர் நிறைந்த புள்ளி பெற்றும் தம் அலுவலில் தடுமாறுவார். கல்வியும் மொழியும் நோக்கி அளத்தலே அறம். அதன்பின் குருதிச் சோதனை: இரத்தச் சோகை, சீனி, உப்புகள், சிறுநீரகம், ஈரல், கேடயச் சுரப்பி, பி12, ஐயமுள்ள இடத்தில் கிரந்தியும் எச்.ஐ.வி.யும். ஈற்றில் மூளைப் படம். இப்பட்டியலின் ஒவ்வோர் உறுப்பும் மேற்கூறிய வரலாற்றின் ஒவ்வொரு பக்கத்தினின்றும் வந்தது. இவ்வாறு சோதிக்கப்பட்டோருள் முற்றாகக் குணமடைவோர் சிலரே என்பதும் உண்மை. ஆயினும் அச்சிலர் யாவர் என்பதைச் சோதியாது அறிய இயலாது.

அல்சைமர் நோய்க்குரிய மருந்தின் வரலாறு இன்னும் முடிவு பெறவில்லை. 1976ஆம் ஆண்டளவில் பிரித்தானிய ஆய்வாளர் மூளையில் அசற்றைல்கோலீன் என்னும் பொருளை ஆக்கும் நொதியம் இந்நோயாளரிடம் மிகக் குறைந்திருப்பதைக் கண்டனர். அப்பொருளின் சிதைவைத் தடுக்கும் ரக்கிறீன் 1993இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஈரலுக்குத் தீங்கு செய்தமையால் வழக்கொழிந்தது. 1996இல் வந்த டொனெப்பெசில் இன்றும் வழங்குகின்றது. இவை சிலருக்குச் சில காலம் தெளிவு தரும். நோயின் நடையை நிறுத்தா. 1984இல் கிளெனரும் வொங்கும், அல்சைமர் கண்ட திட்டின் உட்பொருள் அமிலொயிட்டு என்னும் புரதத் துண்டு எனப் பிரித்தறிந்தனர். 1991இல் சில குடும்பங்களில் அப்புரதத்துக்குரிய பரம்பரையலகின் பிழை கண்டுபிடிக்கப்பட்டது. திட்டை அகற்றினால் நோய் அகலும் என்னும் நம்பிக்கையில் பல மருந்துகள் முயன்று பார்க்கப்பட்டுத் தோல்வியுற்றன. 2023இல் அமெரிக்காவில் முழு அனுமதி பெற்ற லெக்கனமப், தொடக்கநிலை நோயாளரிடம் பதினெட்டு மாதங்களில் தேய்வின் வேகத்தை ஏறத்தாழ 27 வீதம் குறைத்தது. 2024இல் டொனனெமப் அதனைத் தொடர்ந்தது. விலை மிகுதி, மூளை வீங்கலும் குருதிக் கசிவும் சிலருக்கு நேரலாம், இழந்ததை அவை மீட்டுத் தருவதில்லை. நூறாண்டுக்கு மேற்பட்ட தேடலில் நோயின் வேகத்தைச் சற்றே தடுத்த முதற் படி என்ற அளவில் அவற்றை மதித்தல் தகும்.

மருந்தினும் பெரும்பயன் தருவது தடுப்பு. 2024ஆம் ஆண்டு லான்செட் மருத்துவ இதழின் ஆணைக்குழு, மாற்றியமைக்கத்தக்க 14 காரணங்களைத் தொகுத்தது. இளமையிற் கல்வி இன்மை, நடுவயதில் உயர் இரத்த அழுத்தம், கொழுப்பு, நீரிழிவு, செவிப்புலன் குறைவு, தலைக்காயம், புகைத்தல், மிகுகுடி, உடலுழைப்பின்மை, உடற்பருமன், மனச்சோர்வு, தனிமை, மாசடைந்த காற்று, திருத்தப்படாத பார்வைக் குறைவு என்பன அவை. இவை அனைத்தையும் நீக்க இயலுமாயின் உலகின் மறதி நோயில் ஏறத்தாழ 45 வீதத்தைத் தடுக்கவோ பின்தள்ளவோ கூடும் என்பது அக்குழுவின் கணிப்பு. உலகில் இந்நோயுடன் வாழ்வோர் ஐந்தரைக் கோடிக்கு மேற்பட்டோர் என உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. அவர்களுட் பாதிக்கு மேற்பட்டோர் வறிய, நடுத்தர வருமானமுள்ள நாடுகளில் வாழ்கின்றனர். மருந்தின் விலைக்கு எட்டாத நாடுகளுக்கும் இரத்த அழுத்தத்தை அளப்பதும் பெண்குழந்தையைப் பள்ளிக்கு அனுப்புவதும் எட்டும்.

குணமாகாத இடத்தும் செய்யத்தக்கது உண்டு. நோயின் பெயரை அறிந்த வீட்டில் சினம் தணிகின்றது. வேண்டுமென்றே செய்கின்றார் என்னும் ஐயம் நீங்குகின்றது. நாள்தோறும் ஒரே ஒழுங்கு, பழகிய பொருள், இரவிலே சிறு விளக்கு, அமைந்த குரல், பராமரிப்பவருக்கு இடையிடையே ஓய்வு ஆகிய இவை மருந்துக்கடையிற் கிடையா. ஆயினும் வைத்தியமே ஆகும். பேலும் மறேயும் கோல்ட்பேகரும் அல்சைமரும் செய்த முதற்பணி ஒன்றே. பிறர் விதியென்று விட்டுச் சென்ற நோயாளர் அருகே அமர்ந்து, ஏன் என்று அவர்கள் வினவினர். அவ்வினாவுக்கு ஒவ்வொரு முறையும் மகிழ்ச்சியான விடை கிடைத்ததில்லை. வினவாது விட்ட இடத்திலோ, சிறிதளவு சுரப்பிச் சாறும் ஒரு விற்றமினும் மீட்டுத் தந்திருக்கக்கூடிய உயிர்கள் மனநோய்ச் சாலைக் கட்டில்களிலே மடிந்தன. அறளை என்னும் சொல் மொழியில் நிலைத்திருக்கலாம். அச்சொல்லோடு விசாரணை முடிந்துவிடலாகாது.